பிளக்குக்கு வைத்த பொட்டு

அத்தியாயம் 5

"கேள்வி கேக்கவே வெக்கப்படுற நீ, என்னெண்டு பிள்ளை துப்பறியப் போறாய்?"

நான் துப்பறியும் நிறுவனம் தொடங்கிய அன்று குணேஸ்வரி அன்ரி இப்படித்தான் கேட்டார். பதில் சொல்ல எனக்கு வெட்கமாக இருந்தது. வீட்டுக்குப் போய் யோசித்து, மறுநாள் கைபேசியில் செய்தியாக அனுப்பினேன்: "நீங்கள் கேளுங்கோ. நான் யோசிக்கிறன்."

அன்றிலிருந்து அன்ரி என் உதவியாளர். டவுன்டவுன் ஹோட்டல் ஒன்றின் சமையலறையில் நெடுங்காலம் வெங்காயம் வெட்டி ஓய்வு பெற்றவர். அந்த வேலையில் அவருடைய முழங்கால் தேய்ந்தது. வாய் தேயவில்லை.

என் பெயர் ஆர்த்திகா. வகுப்பின் முன்னால் நின்று பிரெஞ்சில் பேசிக் காட்ட வேண்டிய பரீட்சை அன்று பள்ளிக்கூட வாசல் வரை போய்த் திரும்பியவள், பிறகு அந்தப் பக்கமே போகவில்லை. இப்படிப்பட்ட ஒருத்தி துப்பறிவாளர் ஆனால் என்ன நடக்குமோ அதுதான் நடந்துகொண்டிருந்தது. இதுவரை நான் கண்டுபிடித்தவை: காணாமல் போன ஒரு பூனை, அது பசித்தபோது தானாக வீட்டுக்கு வந்தது, கோயில் மண்டபத்தில் தொலைந்த இடியப்பத் தட்டு, அது அன்ரியின் காரிலேயே இருந்தது.

எங்கள் தலைமையகம் நோத்ர-டாம்-த-கிரேஸில், அன்ரியின் தம்பி நடத்தும் தெப்பனர் என்கிற மூலைக்கடையின் பின்னறை. அங்கே ஒரு மேசை விளக்கு உண்டு. அதன் வயர் மேசையிலிருந்து சுவர்ப் பிளக்குக்கு எட்டாது. ஆகவே விளக்கைப் பிளக்குக்குப் பக்கத்தில் அரிசி மூட்டையின் மேல் வைத்திருக்கிறோம். அரிசிக்கு நல்ல வெளிச்சம். எங்களைத் தேடி வருபவர்கள் இருட்டில் இருப்பார்கள்.

"உது ரகசியம் காக்கிற வசதி," என்று அன்ரி எல்லோருக்கும் விளக்கம் சொல்வார்.

அந்த இருட்டில்தான் துஷாந்தினி வந்து உட்கார்ந்தாள். முப்பது வயதுக்கு ஒன்றிரண்டு கூட இருக்கலாம். நல்ல குளிர்கோட்டு, நேரான முதுகு, மடியில் லப்டொப். நன்றாகப் படித்தவர்களைக் கண்டால் வழக்கமாகச் செய்வதுபோல என் கதிரையைக் கொஞ்சம் பின்னுக்கு இழுத்துக்கொண்டேன். அன்ரியின் காலை மேசைக்குக் கீழே தட்டினேன். ஒரு தட்டு என்றால் "கேளுங்கோ" என்று அர்த்தம்.

"சொல்லுங்கோ பிள்ளை. என்ன துலைஞ்சது?"

"புகை," என்றாள் துஷாந்தினி.

அன்ரி என்னைப் பார்த்தார். பூனை, தட்டு, இப்போது புகை. தொழில் முன்னேறுகிறது என்று அந்தப் பார்வை சொன்னது.

துஷாந்தினி எல்லாவற்றையும் ஒழுங்காக விளக்கினாள். கப்பல் கரைக்கு வந்த பிறகும் அதற்குள் விளக்கு எரிய வேண்டும், குளிர்ப்பெட்டிகள் ஓட வேண்டும். அதற்காக அது இயந்திரத்தை நிறுத்தாமல் ஓட்டிக்கொண்டே நிற்கும், புகை விட்டுக்கொண்டே இருக்கும். அவள் வேலை செய்யும் லா கிரீவ் துறைமுனையம், காலநிலையைக் காக்க ஊரறிய ஒரு வாக்குறுதி கொடுத்தது. தங்கள் கரைக்கு வரும் கப்பல் இயந்திரத்தை நிறுத்திவிட்டு, கரையில் உள்ள பெரிய வயரில் செருகி மின்சாரம் எடுத்துக்கொள்ளும். ஒரு துளிப் புகையும் வராது.

"எங்கட மருமகன் வந்தவுடன போனைச் செருகுற மாதிரி," என்றார் அன்ரி.

"அதேதான். எவ்வளவு புகை வந்தது, எவ்வளவு வராமல் தடுத்தது எண்டு வருசா வருசம் அறிக்கை எழுதுறது நான். கையெழுத்தும் என்ரதான்."

"கப்பல் செருகினதோ இல்லையோ எண்டு உங்களுக்கு என்னெண்டு தெரியும்?"

"கரையில நிக்கிற எலக்ரீசியன் டப்லட்டில ஒரு பட்டனை அமத்துவார். டவுன்டவுனில இருக்கிற எனக்கு அது வரும். செருகின கப்பலுக்குப் புகை இல்லை எண்டு போடுவன்."

"கரண்ட் பில்லைப் பாத்தால் தெரியாதோ?"

"முழு முனையத்துக்கும் ஒரே மீற்றர். கிரேன், குளிர்க் கொள்கலன் எல்லாம் சேந்து வரும். பிரிச்சுப் பாக்கேலாது."

பிறகு தன் கைபேசியில் ஒரு படம் காட்டினாள். துறைமுகத்துக்கு எதிரே குடியிருக்கும் ஒரு பெண் அனுப்பியது. பல்கனியில் ஒரு பிளாஸ்ரிக் கதிரை. கதிரை முழுக்கக் கறுப்பு. ஒருவர் உட்கார்ந்து எழும்பிய இடம் மட்டும் வெள்ளை.

"இவவின்ர வீட்டுக்கு நேர் எதிரிலதான் எங்கட கப்பல் நிக்கிறது," என்றாள் துஷாந்தினி. அவளுடைய முதுகு கொஞ்சம் வளைந்தது. "வாற வியாழன் இந்த வருச அறிக்கையில நான் கையெழுத்து வைக்கவேணும். பொய்யெண்டு தெரியாமல் வைச்சால் நான் முட்டாள். தெரிஞ்சு வைச்சால் கள்ளி. ஆதாரம் இல்லாமல் வைக்கமாட்டன் எண்டால் வேலை போகும். பேந்து இந்தத் துறையில ஒருத்தரும் என்னை எடுக்கமாட்டினம்."

"நான் எண்டால் ரெண்டிலயும் முட்டாளைத்தான் எடுப்பன். பழகின வேலை," என்றார் அன்ரி.

துஷாந்தினி சிரிக்கவில்லை. "சனிக்கிழமை ஊழியரின்ர குடும்ப நாள். கரை வரைக்கும் கூட்டிக்கொண்டு போய்க் காட்டுவினம். நீங்கள் என்ர சொந்தக்காரரா வாங்கோ. அந்தப் பிளக்கை ஒருநாளாவது பாவிச்சவையோ எண்டு மட்டும் கண்டுபிடிச்சுச் சொல்லுங்கோ."

நான் அன்ரியின் காலைத் தட்டினேன்.

"அந்தப் பட்டனை அமத்துறவர் ஆர்?"

அதுவரை எல்லாக் கேள்விக்கும் வரிசையாகப் பதில் சொன்னவள், "ஒருத்தர்," என்று மட்டும் சொல்லி லப்டொப்பை எடுத்துக்கொண்டு எழுந்தாள். அதன் மூடியில் ஒரு சந்தனப் பொட்டு காய்ந்து கிடந்தது. குங்குமம் நடுவில் இல்லாமல் இடது பக்கம் சரிந்து, விழப்போகிற தொப்பி மாதிரி இருந்தது.

நான் அதைப் பார்ப்பதைக் கண்டு, "அப்பா வைச்சது," என்றாள். "வீட்டுக்கு வாற ஒரு புதுச் சாமானையும் விடமாட்டார். மைக்ரோவேவுக்கும் வைச்சவர்."

"எங்க வீடு?" என்றார் அன்ரி.

"இல்-பிசார்."

"அதுதான் உங்களைத் தெரியேல்ல. அங்க பஸ்ஸே ஒழுங்காப் போகாது. ஊர்க்கதை எப்பிடிப் போகும்?"

*

சனிக்கிழமை அன்ரியின் கொரோலாவில் கிழக்கே போனோம். கப்பல் புகையைக் கண்டுபிடிக்கப் புறப்பட்ட எங்கள் கார், சிவப்பு விளக்கில் நின்றபோது பின்னால் நின்ற காரை முழுதாக மறைத்தது. பின்னால் இருந்தவர் ஹோர்ன் அடித்தார்.

"சைலன்சரை மாத்துறன் எண்டு நானும் வாக்குறுதி குடுத்திருக்கிறன்," என்றார் அன்ரி. "எந்த வருசம் எண்டுதான் சொல்லேல்ல."

முனைய வாசலில் மஞ்சள் அங்கியும் ஹெல்மெட்டும் கொடுத்தார்கள். என் ஹெல்மெட் மூக்கு வரை இறங்கியது. துப்பறிவாளர்கள் கண்ணால் பார்த்து வேலை செய்பவர்கள் என்று எங்கோ படித்திருக்கிறேன். நான் அன்று பெரும்பாலும் என் சப்பாத்தைத்தான் பார்த்தேன்.

பெனுவா என்ற இயக்குநர் எங்களை வரவேற்றார். உயரமானவர், நல்ல பல். சின்ன பஸ் ஒன்றில் எல்லோரையும் ஏற்றிக் கரையோரமாகக் கொண்டுபோனார். கரையில் ஒரு பெரிய கப்பல் நின்றது. பின்பக்கத்தை நாங்கள் கடந்தபோது அதன் உடம்பில் ஒரு சின்ன இரும்புக் கதவும், கதவில் மின்னல் அடையாளமும் ஹெல்மெட் இடைவெளியில் தெரிந்தன. பஸ் கப்பலின் முழு நீளத்தையும் கடந்து, மூக்குப் பக்கத்தில் போய் நின்றது. அங்கே ஒரு பச்சை நிறப் பெட்டி, பக்கத்தில் சுருள் வண்டியில் சுற்றிய கறுப்பு வயர், அதற்கு மேலே பச்சைப் பதாகை.

"இதுதான் அது," என்று பெனுவா பிரெஞ்சில் அறிவித்தார். "வாசலில் இருந்து வருபவர்களுக்கு முதலில் தெரிய வேண்டும் என்றுதான் இந்த இடத்தில் வைத்தோம். படம் எடுக்கவும் வசதி. 2050இல் எங்கள் முனையம் முற்றிலும் புகையற்றதாக இருக்கும்."

அன்ரி என் காதில் சொன்னார்: "அம்பதாம் ஆண்டு எனக்கு எண்பது தாண்டிப்போம். கிழவி வந்து சரிபாக்கமாட்டாள் எண்டு நினைச்சுத்தான் அந்த வருசத்தைப் போட்டிருக்கிறான்."

கப்பலின் புகைபோக்கியில் மெல்லிய சாம்பல் கோடு ஒன்று ஏறிக்கொண்டிருந்தது. நான் தட்டினேன். அன்ரி சமையலறைப் பிரெஞ்சில் கேட்டார்.

"அது என்ன மிஸ்யூ, சோறு அடிப்பிடிக்குதோ?"

"அது தண்ணீர் சூடாக்கும் கொதிகலன், மதாம். இயந்திரம் இல்லை."

"அப்ப வயரைச் செருகேல்லையே?"

"நீங்கள் போன பிறகு செருகுவோம். பாதுகாப்புக் காரணம்."

எந்தக் கேள்விக்கும் அவரிடம் பதில் இருந்தது. எனக்கு அந்த மனிதர் மேல் பொறாமை வந்தது. என்னிடம் பதிலும் இல்லை, கேள்வியும் வெளியே வருவதில்லை.

பெட்டிக்குப் பக்கத்தில் ஒருவர் நின்றார். அறுபதை நெருங்கும் வயது, நரைத்த மீசை, கையில் டப்லட். "இவர்தான் எங்கள் ரூடி. கப்பல்களுக்குக் கரையில் இருந்து உயிர் கொடுப்பவர்," என்றார் பெனுவா. ரூடியின் அங்கியில் முழுப்பெயர் எழுதியிருந்தது: உருத்திரமூர்த்தி. உருத்திரமூர்த்தியை ரூடியாக்கப் பெரிய துணிச்சல் வேண்டும். அவர் எங்களைப் பார்க்கவில்லை. துஷாந்தினியும் அவரைப் பார்க்கவில்லை. ஒரு கொள்கலனுக்குப் பக்கத்தில், கூட்டத்தின் கடைசியில் நின்றாள்.

நான் கைபேசியை எடுத்து அன்ரிக்கு எழுதினேன்.

இங்கே ஒன்றைச் சொல்ல வேண்டும். கண்ணாடி தேடித் தேடிக் களைத்த அன்ரி, வரும் செய்திகளைக் கைபேசியே உரக்க வாசிக்கும்படி மருமகனைக் கொண்டு செய்வித்திருந்தார். இது எனக்குத் தெரியும். தெரிந்தும் எழுதினேன். என்னைப் பற்றி இதற்கு மேல் சொல்ல ஒன்றும் இல்லை.

அன்ரியின் கோட்டுப் பைக்குள் இருந்து ஒரு இயந்திரப் பெண்குரல், செய்தி வாசிப்பவர் போலத் தெளிவாகச் சொன்னது: "மீசைக்காரர் எதையோ மறைக்கிறார். பெட்டியைத் திறக்கச் சொல்லுங்கோ."

"அது என்ன?" என்றார் பெனுவா.

"வழி சொல்லுது மிஸ்யூ," என்றார் அன்ரி. "அடுத்த சந்தியில இடப்பக்கம் திரும்பட்டாம்."

பெனுவாவுக்குத் தமிழ் தெரியாது. ஆனால் மீசைக்காரருக்குத் தெரியும். அவர் என்னை நிமிர்ந்து பார்த்தார். நிலம் பிளந்தால் உள்ளே போகத் தயாராக இருந்தேன். அந்தக் கொங்கிறீட் லேசில் பிளக்காது. அவர் சாவியை எடுத்துப் பெட்டியைத் திறந்தார்.

பெனுவா கூட்டத்தைத் திருப்பினார். "இனி எல்லோரும் கூடாரத்துக்கு வாருங்கள். கேக் இருக்கிறது." கப்பல் வடிவத்தில் பச்சைக் கேக். துறைமுகத்தின் வேறு எந்த அதிசயத்துக்கும் திரும்பாத கூட்டம் அதற்கு உடனே திரும்பியது. நாங்கள் மூன்று பேரும் உருத்திரமூர்த்தியும் மட்டும் பெட்டியடியில் நின்றோம்.

பெட்டிக்குள்ளே, வயரின் நுனியில், பிளக் இருந்தது. நான் மனதில் வைத்திருந்தது வீட்டுப் பிளக். இது ஒரு ரொட்டிச் சட்டி அளவு இருந்தது. கப்பலின் ஓட்டைக்குள் போகும் அதன் விளிம்பில், மேல் பக்கத்தில், பளிச்சென்ற மஞ்சளில் சந்தனப் பொட்டு. அதற்கு மேல் குங்குமம்.

செருகும்போது விளிம்பு உரசும். உரசினால் பொட்டு அழியும். பொட்டு அழியவில்லை. ஆகவே இந்தப் பிளக் ஒருநாளும் செருகப்படவில்லை! வழக்கு முடிந்தது. அன்ரியின் கைபேசியைப் பறித்துச் சத்தத்தை நிறுத்திவிட்டு, என் கண்டுபிடிப்பை அதிலேயே எழுதிக் கொடுத்தேன். அன்ரி கையை நீட்டிப் பிடித்து வாசித்தார்.

"அண்ணை," என்றார் உருத்திரமூர்த்தியிடம். "வாணிவிழாப் பூசைக்கு வைச்ச பொட்டுப் போல. கலையாமல் கிடக்கு. அப்ப நீங்கள் உதை ஒரு கப்பலிலயும் செருகேல்ல, என்ன?"

"நேற்று வைச்சது," என்றார் உருத்திரமூர்த்தி.

"என்ன?"

"வெள்ளிக்கிழமை வெள்ளிக்கிழமை புதுசா வைக்கிறனான். புது வாகனத்துக்கு வைக்கிறமெல்லோ, அப்பிடித்தான்."

அன்ரி கைபேசியைக் கீழே இறக்கினார். "கேட்டியோ பிள்ளை? நேற்று வைச்சதாம். உன்ர கண்டுபிடிப்புக்கு ஒரு நாள்தான் ஆயுள்."

நான் பூனையை நினைத்தேன். தட்டை நினைத்தேன். பள்ளிக்கூடத்துக்குத் திரும்பிப் போக வயது கடந்துவிட்டதா என்றும் நினைத்தேன். நேற்று வைத்த பொட்டு எதையும் சொல்லாது. கொள்கலன் பக்கம் நின்ற துஷாந்தினியின் முகத்தைப் பார்க்கத் துணிவு வராமல், ஹெல்மெட்டை மேலே தள்ளிவிட்டுப் பிளக்கையே பார்த்தேன்.

அப்போதுதான் பொட்டின் ஓரம் கண்ணில் பட்டது.

பொட்டு தட்டையாக இல்லை. விளிம்பிலிருந்து புடைத்து நின்றது. குனிந்தேன். மேலே பளிச்சென்ற மஞ்சள். அதற்குக் கீழே காய்ந்த மஞ்சள். அதற்குக் கீழே மங்கல், பிறகு மண்நிறம், பிறகு வெடித்துக் கறுத்த ஒன்று. நடுநடுவே மெல்லிய சிவப்புக் கோடுகள். வாடகை வீட்டுக் கதவில் ஆளுக்காள் பூசிய பெயின்ற் உரியும்போது தெரியுமே, அப்படி. ஒரு வெள்ளிக்கிழமையின் மேல் அடுத்த வெள்ளிக்கிழமை, அதன் மேல் இன்னொன்று. நகத்தால் மெல்லத் தொட்டேன். உளுந்து வடைத் தடிப்புக்குச் சந்தனம்.

அன்ரியின் கோட்டை இழுத்துக் காட்டினேன். கண்ணாடி இல்லாமலே அவருக்கு அது தெரிந்தது. சமையலறையில் இருந்தவர்களுக்குத் தடிப்பு நன்றாகத் தெரியும்.

"அண்ணை," என்றார், இம்முறை குரல் தணிந்து. "ஒருக்கா செருகியிருந்தாலும் பழசெல்லாம் வழிச்சுக்கொண்டு போயிருக்கும். இஞ்ச அடியில இருந்து எல்லாம் அப்பிடியே கிடக்கு. இப்ப செருக நினைச்சாலும் உது ஓட்டைக்குள்ள போகாது."

உருத்திரமூர்த்தி பெட்டியின் கதவைப் பிடித்தபடி நின்றார். அந்தக் கையைப் பார்த்தேன். மோதிர விரல் ஏதோ பழைய காயத்தில் வளைந்து ஒரு பக்கம் திரும்பியிருந்தது. பொட்டைப் பார்த்தேன். குங்குமம் நடுவில் இல்லை. இடது பக்கம் சரிந்து, விழப்போகிற தொப்பி மாதிரி.

சட்டென்று திரும்பினேன். அன்ரிக்கு எழுத நேரமில்லை. கோட்டை இழுத்து, கொள்கலன் பக்கம் காட்டி, இரண்டு கையாலும் லப்டொப் மூடுவது போலக் காட்டினேன். எட்ட நின்று பார்த்தவர்களுக்கு நான் ரொட்டி தட்டுவது போல இருந்திருக்கும். அன்ரி புரிந்துகொண்டார்.

"பிள்ளை துஷாந்தினி," என்று கூப்பிட்டார். "உங்கட லப்டொப்புக்குப் பொட்டு வைச்சது ஆர்?"

துஷாந்தினி கொள்கலனை விட்டு வெளியே வந்தாள். எங்களைக் கடந்து நேரே பெட்டியடிக்குப் போனாள்.

"அப்பா," என்றாள்.

அவர் தலை நிமிரவில்லை. "உவையளை வீட்டுக்குக் கூட்டிக்கொண்டு வந்திருக்கலாமே. தேத்தண்ணி குடுத்திருப்பன்."

"வீட்டில கேட்டால் சொல்லியிருப்பியளோ?"

அவர் டப்லட்டைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டார்.

"உதை ஒருநாளும் செருகேல்லையோ அப்பா?"

"வயரில ஒரு சின்னப் பிரச்சினை. துவங்கின கிழமையே பெனுவாட்டச் சொன்னனான். புது வயர் வருது, வரும்வரைக்கும் பட்டனை அமத்து எண்டான். கிட்டடியில வந்திடும் எண்டு நினைச்சன்."

"கிட்டடியில! ரெண்டாவது அறிக்கையும் எழுதியாச்சு. என்னட்ட ஏன் சொல்லேல்ல?"

"துணிஞ்சு சொல்லுவம் எண்டு நினைக்கேக்க உன்ர முதல் அறிக்கை வெளியில வந்திட்டுது. படம் போட்டவங்கள். கோயில்ல எல்லாருக்கும் காட்டினனான், என்ர மகள் கப்பல் புகையை நிப்பாட்டினவள் எண்டு." அவர் கதவின் விளிம்பைத் தடவினார். "பேந்து நான் வாயைத் திறந்தால் உன்ர கையெழுத்து எல்லோ பொய்யாப் போம்."

"நீங்கள் அமத்தினபடியால்தானே நான் கையெழுத்து வைச்சனான்!"

"நீ கையெழுத்து வைச்சபடியால்தான் நான் பேந்தும் அமத்தினனான்."

கூடாரத்திலிருந்து கைதட்டல் கேட்டது. கேக் வெட்டியிருப்பார்கள். அன்ரி வாயைத் திறந்தார், மூடினார். அவருக்கும் பகிடி வராத ஒரு இடம் இருக்கிறது என்று அன்றுதான் தெரிந்துகொண்டேன்.

"வெள்ளிக்கு வெள்ளி ஏன் அப்பா உதுக்குப் பொட்டு?"

"ஒருநாளைக்காவது வேலை செய்யட்டும் எண்டு," என்றார் அவர். "வேற என்னத்தைச் செய்ய?"

துஷாந்தினி முகத்தைத் துடைத்துக்கொண்டாள். "ஆதாரம் எண்டு பொட்டைக் கொண்டுபோய் ஆரிட்டக் காட்டுறது? பூசை சாமான் எண்டு சிரிப்பாங்கள். வயரில சின்னப் பிரச்சினை, திருத்திட்டம் எண்டு பெனுவா சொல்லுவார். எல்லாத்துக்கும் அவரிட்டப் பதில் இருக்கு."

அவள் சொன்னது சரி. என் சந்தனக் கண்டுபிடிப்பு எங்கள் நான்கு பேருக்குள் மட்டும் செல்லும். வியாழக்கிழமை மேசையில் அது செல்லாது.

வயரில் சின்னப் பிரச்சினை. நான் சுருள் வண்டியைப் பார்த்தேன். வயர் புதிது போல, உள்ளே ஒரு சுற்றும் கலையாமல் இருந்தது. கப்பலைப் பார்த்தேன். பிளக்கைச் செருக வேண்டிய, மின்னல் போட்ட இரும்புக் கதவு எங்கே? பின்பக்கத்தில். பஸ் அங்கிருந்து இங்கே வரக் கப்பலின் முழு நீளமும் ஓடியது. பெட்டி எங்கே? மூக்குப் பக்கத்தில், படம் எடுக்க வசதியான இடத்தில்.

எனக்கு விஞ்ஞானம் தெரியாது. கரிமக் கணக்கு தெரியாது. ஆனால் என் வாழ்க்கையில் எனக்கு முழுமையாகத் தெரிந்த ஒரு விஷயம் உண்டு: அரிசி மூட்டைக்கு வெளிச்சம் கொடுக்கும் அந்த விளக்கு.

அன்ரியின் காலைத் தட்டினேன். அவர் மகளையும் தகப்பனையும் பார்த்துக்கொண்டு நின்றதில் கவனிக்கவில்லை. மறுபடி தட்டினேன். கைபேசியை எடுத்தேன், விரல் குளிரில் விறைத்து எழுத்து வரவில்லை. கூடாரத்துக்குள் பெனுவா பேசி முடிக்கிறார். இனி இங்கே வருவார். வந்தால் பெட்டி பூட்டப்படும்.

"அங்கிள்," என்று ஒரு குரல் கேட்டது. யார் என்று பார்த்தேன். நான்தான்.

மூன்று பேரும் திரும்பினார்கள். அன்ரியின் கண் ஹெல்மெட் அளவுக்கு விரிந்தது.

"அங்கிள்... வயர்... எட்டுமோ?"

உருத்திரமூர்த்தி என்னைப் பார்த்தார். பிறகு மகளைப் பார்த்தார். அவள் பெட்டியை விட்டு ஓரடி விலகினாள். கூடாரத்தில் இருந்து ஆட்கள் கையில் கேக் தட்டுகளோடு வெளியே வரத் தொடங்கினார்கள்.

அவர் டப்லட்டைப் பெட்டியின் மேல் வைத்தார். பிளக்கை எடுத்துப் பக்கத்தில் கிடந்த சில்லுப் பலகையில் ஏற்றிச் சுருள் வண்டியின் விசையை அழுத்தினார். சுருள் உறுமிக்கொண்டு சுழலத் தொடங்கியது. அவர் பலகையைத் தள்ளிக்கொண்டு கப்பலின் பின்பக்கத்தை நோக்கி நடந்தார். கறுப்பு வயர் அவருக்குப் பின்னால் கொங்கிறீட்டில் நீண்டது.

"ரூடி?" என்றார் பெனுவா, கூடார வாசலில் நின்று.

ரூடி நிற்கவில்லை. கேக் சாப்பிட்டவர்கள் சாப்பிடுவதை விட்டுவிட்டுப் பார்த்தார்கள். இதுவும் நிகழ்ச்சியில் ஒரு பகுதி என்று நினைத்து ஒருவர் கைதட்டினார். பலர் கைபேசியை எடுத்துப் படம் பிடித்தார்கள். படம் எடுக்க உண்மையிலேயே வசதியான இடம்தான்.

கப்பலின் நடுப்பகுதியைத் தாண்டியதும் சுருள் ஒரு உதறலோடு நின்றது. வயர் முடிந்துவிட்டது. அவர் பலகையை ஒருமுறை இழுத்துப் பார்த்தார். வயர் விறைத்தது, நகரவில்லை. பிளக்குக்கும் மின்னல் போட்ட கதவுக்கும் நடுவே ஒரு பஸ் நின்று திரும்பும் அளவுக்கு வெறும் நிலம் கிடந்தது. இரண்டு வருடமாக அறிக்கையில் ஒரு கப்பலும் விடாத புகை முழுவதும் அந்த இடைவெளியில்தான் இருந்தது.

கைதட்டியவர் கையை இறக்கினார். எந்தக் கேள்விக்கும் பதில் வைத்திருந்த பெனுவா, தன் கையிலிருந்த கேக் தட்டைக் குனிந்து பார்த்தார்.

துஷாந்தினி ஓடினாள். தகப்பனிடம் போகிறாள் என்று நினைத்தேன். அவள் அந்த வெறும் நிலத்தில் முழங்காலிட்டு, பிளக்கும் கதவும் ஒரே படத்தில் வரும்படி கைபேசியைப் பிடித்தாள். மறுபடியும் மறுபடியும் எடுத்தாள். வியாழக்கிழமை அவள் என்ன எழுதுவாள் என்று யாரும் கேட்க வேண்டியிருக்கவில்லை.

"கேட்டிட்டாய் பிள்ளை," என்றார் அன்ரி மெதுவாக. "இனி எனக்கு வேலை இல்லைப் போல."

உருத்திரமூர்த்தி குனிந்தார். வளைந்த விரலின் நகத்தால் பிளக்கின் விளிம்பைச் சுரண்டினார். சந்தனம் ஒரே கட்டியாகக் கழன்று அவர் உள்ளங்கைக்கு வந்தது. அதைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டார். ஹெல்மெட்டைக் கழற்றிப் பிளக்குக்குப் பக்கத்தில் வைத்தார். கேக் தட்டுகளோடு நின்றவர்கள் விலகி வழிவிட்டார்கள். முழங்காலில் இருந்த மகளைக் கடக்கும்போது ஒரு கணம் அவளுடைய ஹெல்மெட்டின் மேல் கையை வைத்தார். பிறகு பெனுவாவைத் தாண்டி, பதாகையைத் தாண்டி, வாசலைத் தாண்டிப் போனார்.